மெடிக்கல் கிடைச்சிட்டுது

இன்று காலை மோர்னிங்சைட் பஸ்ஸில் சுகந்தி அக்காவைக் கண்டேன். எங்கள் கட்டடத்தில்தான் இருக்கிறார். கோப்பிக் கடையில் வேலை, இரண்டு பிள்ளைகள்.

"தம்பி, மெடிக்கல் கிடைச்சிட்டுது!" என்றார்.

எனக்கும் சந்தோஷம். "ஆருக்கு, அம்மாவுக்கோ? அப்ப அவவை இங்க கூப்பிடுற ஸ்பொன்சர் சரிவந்திட்டுது, மெடிக்கல் செக்கப்புக்குக் கூப்பிட்டாலே முடிஞ்ச மாதிரித்தானே. விசாவும் கெதியில வந்திடும்."

அக்கா சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

"உது இல்லையடா. டொக்டருக்குப் படிக்க இடம் கிடைச்சிட்டுது. எனக்கு!"

ஊரில் நடந்த போரால் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன படிப்பு அவருடையது. பிந்திப் படிக்க வருபவர்களுக்கான அக்சஸ் கோர்ஸில் சேர்ந்து, அதிலிருந்து பல்கலைக்கழகம் போய், பட்டமும் எடுத்து, இப்போது இது. லிஃப்டில் அவரைப் புத்தகங்களோடு காணும்போதெல்லாம் பிள்ளைகளின் புத்தகங்கள் என்றே நினைத்திருந்தேன்.

குடிவரவுக்கான மெடிக்கலில் "மூச்சை இழுத்துப் பிடியுங்கோ" என்று டொக்டர் சொன்னதும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள். இனி அப்படிச் சொல்லப்போகிறவர் என் பக்கத்து சீட்டில், மடியில் சாப்பாட்டுப் பையோடு இருந்தார்.

அவர் இறங்கிப் போன பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

சரி, உண்மையைச் சொல்லுங்கள். தலைப்பைப் பார்த்ததும் நீங்களும் ஸ்பொன்சர் என்றுதானே நினைத்தீர்கள்?