கோல் பிடித்த செமஸ்டர்

முதல் செமஸ்டர் முழுக்க நான் ஒரு அலுமினியக் கோலைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

படித்தது நில அளவை. மலேசியாவில் செலண்டார் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கல்லூரி விடுதியில் விட்டார். போகும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: "யார் என்ன சொன்னாலும் வாய தொறக்காத. பேர் கெட்டுடும்." அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். வாயைத் திறக்காமலே இருபது வருஷம் வேலை பார்த்தவர்.

எனக்கு அந்தப் புத்திமதியே தேவைப்படவில்லை. கேண்டீனில் கூட்டத்தைப் பார்த்தாலே திரும்பி வந்துவிடுவேன். முதல் இரண்டு வாரம் அறையிலேயே மேகி மீ நூடுல்ஸ்தான். நாளைக்கு எந்த வகுப்போ அந்தக் கட்டடத்துக்கு முந்தின நாளே நடந்துபோய், கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவேன். கேட்க நினைத்த கேள்வியை மனதுக்குள் வகுப்பு மொழியான மலாயில் சரிசெய்து முடிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடும்.

வாரத்தில் ஒரு மதியம் திடலில் களப்பயிற்சி. நாலு பேர் ஒரு குழு. முக்காலி மேல் நிலத்தின் உயரம் பார்க்கும் லெவல் கருவியை வைத்து, அடியில் உள்ள மூன்று திருகுகளைத் திருப்பி, சின்னக் குமிழியை வட்டத்துக்கு நடுவில் நிறுத்த வேண்டும். ஒருவர் தூரத்தில் கோலை நிமிர்த்திப் பிடிப்பார். இன்னொருவர் கருவி வழியாக அதிலுள்ள எண்ணைப் படிப்பார். வேலையை மாற்றி மாற்றிச் செய்யுங்கள் என்று விரிவுரையாளர் புவான் (மேடத்தை அப்படித்தான் கூப்பிடுவோம்) முதல் நாளே சொன்னார். சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து கைத்தொலைபேசியைப் பார்க்க ஆரம்பித்தார்.

எங்கள் குழுவில் தலைமை எடுத்துக்கொண்டவன் மலாக்கா பட்டணத்துப் பையன், தமிழன்தான். "நீ கோல் புடி லா, ஈசி வேலை" என்றான். ஓகே என்றேன். அடுத்த வாரமும் ஓகே. நாலாவது வாரம் தைரியத்தைத் திரட்டி, "நான் ஒரு தடவ கருவிய பாக்கவா?" என்று கேட்டேன்.

"காஸ்ட்லி லா. நீ கீழ போட்டீனா நாலு பேரும் கட்டணும். தோட்டத்துல குலை தூக்குற மாதிரி இல்ல இது."

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் சொன்னதைவிட நான் சிரித்ததுதான் இன்னும் ஆறவில்லை.

செமஸ்டர் கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. ஒவ்வொருவரும் தனியாக, இருபது நிமிடத்தில் கருவியை நிறுத்தி அளக்க வேண்டும். முக்காலியின் ஒரு கால் ஈர மண்ணில் இறங்கியது. ஒரு திருகைத் திருப்பினால் குமிழி ஒரு பக்கம் ஓடியது, இன்னொன்றைத் திருப்பினால் மறு பக்கம். ஓர் எண்கூட எழுதாமல் நேரம் முடிந்தது. ஃபெயில். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அந்த மலாக்கா பையனுக்கு. "ரிலேக்ஸ் லா, ரீசிட் எக்ஸாம் இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

மதிப்பெண் வந்த அன்று மதியமே ஆய்வுக்கூட உதவியாளரிடம் போய், பயிற்சி செய்யக் கருவி வேண்டும் என்றேன். விரிவுரையாளர் கையெழுத்து இல்லாமல் தரமுடியாது என்றார். நேராக விரிவுரையாளர் அறைக்குப் போனேன். அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு முன்கூட்டியே பார்த்து வைக்கவில்லை.

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "இதை ஏன் அப்பவே என்கிட்ட சொல்லல?" என்றார்.

"நீங்க ஒருநாளாவது எழுந்து வந்து பாத்தீங்களா, புவான்? பதினாலு வாரம் நான் அதே கோலோட நின்னேன்."

மலாயில் அவ்வளவு பெரிய வாக்கியத்தை நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் முகம் சிவந்தது. கையெழுத்துப் போட்டார். நன்றி சொல்லாமல் வெளியே வந்து, கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பயந்து அழவில்லை.

கருவி கிடைத்தது, கோல் பிடிக்க ஆள் இல்லை. விடுமுறைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்பாவுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு வந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, நான் காட்டிய இடத்தில் கோலைப் பிடித்து நின்றார்.

"அப்பா, சாயுது. நேரா புடிங்க."

கொஞ்ச நேரத்தில் மறுபடி சாய்ந்தது. மூன்றாவது தடவை, "நேரா புடிங்கன்னு எத்தன தடவ சொல்றது!" என்று கத்திவிட்டேன். பக்கத்துப் பாதையில் போன பாதுகாவலர் திரும்பிப் பார்த்தார்.

அப்பா கோலை விடவில்லை. "ஒனக்கு இப்படிக் கத்த வருமா?" என்று கேட்டார்.

"வராமத்தான் இருந்துச்சு. வாய தொறக்காதன்னு சொல்லித்தான வளத்தீங்க. அதனாலதான் ஃபெயிலாகி நிக்கிறேன்."

அவர் என்னைப் பார்க்காமல் காலில் செம்மண் ஒட்டிய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தப்பா சொல்லிட்டேன் போல" என்றார். கோலை நிமிர்த்தினார். மத்தியானம்வரை நான் எண்களைப் படித்தேன், அவர் இடம் மாற்றி மாற்றிக் கோலைப் பிடித்தார். அவர்மேல் எரிச்சல் தீரவில்லை. அவர் கழுத்து வெயிலில் கறுத்திருந்ததைப் பார்த்தபோது என்மேலும் வந்தது.

மறுதேர்வில் பதினைந்து நிமிடத்தில் முடித்தேன். எண்கள் எல்லாம் சரி. ஆனால் மறுதேர்வு என்றால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் தேர்ச்சிக்கான குறைந்த மதிப்பெண்தானாம். அதுதான் விதி என்றார்கள். என்னை நிற்கவைத்தவனுக்கு எந்த விதியும் இல்லை.

இரண்டாம் செமஸ்டர் பட்டியலிலும் அதே குழு. முதல் மதியம் அவன் வருவதற்கு முன்பே நான் முக்காலியை விரித்துவிட்டேன்.

"இன்னைக்கி கருவி நான். நீ கோல் புடி."

"ஏன் இவ்ளோ எமோஷனல்? ஏதாவது ஆச்சுனா?"

"ஆச்சுனா நான் பதில் சொல்றேன். போய் நில்லு."

மற்ற இருவரையும் பார்த்தான். அவர்கள் கீழே பார்த்தார்கள். கோலை எடுத்துக்கொண்டு போனான். சாயும்போதெல்லாம் கையைக் காட்டி நிமிர்த்தச் சொன்னேன். நான் அவசரப்படவில்லை.

கடைசியில் கணக்குப் போட்டால், தொடங்கிய இடத்துக்கே அளந்து திரும்பியபோது வந்த உயரம் பொருந்தவில்லை. நான்தான் ஓர் எண்ணைத் தப்பாகப் படித்திருந்தேன். மூன்று பேரும் முணுமுணுத்தார்கள். சாரி என்ற வார்த்தை வழக்கம்போல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "திரும்ப அளக்கணும், வாங்க" என்றேன்.