ஓராவை விராலாக்கிய சீட்டுக்கட்டு

வதனி டீச்சரை முதல் இரண்டு வருடமும் எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவரிடமே நேரில் சொன்னவள் நான். என் பெயர் மார்கிறட். குருக்கள்மடத்துக்குக் கிட்ட, வாவிக்கரையில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளர். தினமும் மட்டக்களப்பு டவுனிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். என் ஆய்வுகூடத்தில் தூசி இருக்காது, ஒரு போத்தல் இடம் மாறாது. வருடக்கணக்காக அப்படிக் கட்டிக்காத்த இடத்துக்குள் ஒரு நாள் காலையில் இந்த மனுசி ஒரு பை நிறைய உயிர் நண்டைக் கொண்டுவந்து அவிழ்த்துவிட்டார். அதில் ஒன்று அலுமாரிக்குக் கீழே போய்ப் பதினொன்றரை மணிவரை வெளியே வரவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

மீன் வாடையே எனக்கு ஆகாது. வாவியைப் பார்த்துக்கொண்டு பிறந்து வளர்ந்தும் மீன் சாப்பிடாதவள் என்று என் சொந்தக்காரர் இன்றைக்கும் என்னை வைத்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு மீன் என்றால் மீன், அவ்வளவுதான். எது கொடுவா, எது மணலை என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வதனி டீச்சர் ஆரையம்பதிக்காரி. அப்பா நல்லரத்தினம் அங்கே சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர். டீச்சர் படித்த காலத்தில் உயிரியல் என்றால் கரும்பலகைப் படம்தான். "தவளைட இதயத்தப் பதினேழு தரம் கீறியிரிக்கன், மார்கிறட் அக்கா. ஒரு தரமும் கண்டதில்ல" என்பார். உயர்தரப் பரீட்சையில் முதல் தடவை சறுக்கி, இரண்டாம் தடவை எழும்பி, பல்கலைக்கழகம் போன பிறகுதான் நுணுக்குக்காட்டிக்குள் கண்ணை வைத்தாராம். "அண்டைக்கு எனக்குச் சந்தோஷம் வரல்லக்கா. கோபம்தான் வந்த. இத ஏன் எனக்கு முதலே காட்டல்ல எண்டு."

அந்தக் கோபம்தான் மனுசியைச் சும்மா இருக்க விடவில்லை. அப்பாவின் கடையிலிருந்து பழைய டியூப்களைக் கொண்டுவந்து வெட்டி ஒட்டி, வால்வுகளைப் பொருத்தி, சிவப்புத் தண்ணீர் ஓடும் இதயம் ஒன்று செய்தார். கையால் அமுக்கினால் இரத்தம் ஒரு பக்கம்தான் போகும், திரும்பி வராது. ஒன்பது மீற்றர் நைலோன் கயிற்றை ஒரு அரிசிப் பைக்குள் அடைத்து, இதுதான் உங்கள் உணவுக்கால்வாய், இழுங்கள் என்று பிள்ளைகளிடம் கொடுத்தார். அவர்கள் இழுத்து இழுத்துக் கதவைத் தாண்டி வெளியே போய்விட்டார்கள். என் மகள் டினோஷாவின் நகப்பூச்சைக்கூட விட்டுவைக்கவில்லை. இலையின் அடியில் பூசி, காய்ந்ததும் உரித்து, நுணுக்குக்காட்டியில் வைத்தால் இலைவாய்கள் தெரியுமாம். பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். எல்லோரும் போன பிறகு நானும் எட்டிப் பார்த்தேன். சின்னச் சின்ன வாய்கள், ஒவ்வொன்றும் இரண்டு உதட்டோடு! அன்றைக்கு என் கோபம் கொஞ்சம் தணிந்தது. கொஞ்சம்தான்.

போன வருடம் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கையோடு அதிபர் யோகராசா சேர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மேலிடத்திலிருந்து கடிதம். உயர்தர உயிரியலுக்கு இம்முறை பத்துப் பிள்ளைகள் சேராவிட்டால் அந்த வகுப்பையே மூடிவிடுவார்கள். விருப்பமானவர்கள் டவுனுக்குப் போய்ப் படிக்க வேண்டியதுதான். போவார்களா? எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் பெண்கள். விடியப் போய் இருட்ட வருவதற்கு எந்த வீட்டில் விடுவார்கள்? பேசாமல் கலைப்பிரிவில் உட்கார்ந்துவிடுவார்கள்.

எண்ணிப் பார்த்தால் ஒன்பது பேர் கையெழுத்தோடு படிவம் தந்திருந்தார்கள். பத்தாவது தனுஷியா. விஞ்ஞானத்தில் ஏ எடுத்தவள், உயிரியல் என்றால் உயிர். ஆனால் அவள் அம்மா சீதேவிப்பிள்ளை கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றார். வாவித்துறையில் மீன் வாங்கிச் சந்தியில் வைத்து விற்கிறவர். அவர் வாய்க்குப் பயந்து பேரம் பேசாமல் வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

வதனி டீச்சர் ஒரு திட்டம் போட்டார். பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளைகள் படிப்பதைக் கண்ணால் காட்டுவது. அதற்காகவே ஒரு சீட்டுக்கட்டுச் செய்தார். வாவி மீன் ஒன்றைக் கையில் எடுத்து முதல் சீட்டைப் பார்க்க வேண்டும். அதில் ஒரு கேள்வி, இரண்டு விடை. எந்த விடை பொருந்துகிறதோ, அது சொல்லும் இலக்கச் சீட்டுக்குப் போக வேண்டும். இப்படிப் போய்ப் போய்க் கடைசிச் சீட்டில் மீனின் பெயர் இருக்கும். பழைய கலண்டர் மட்டையில் இருபத்துநான்கு சீட்டுகள். மீன்களை வாங்கி வைத்துப் பார்த்துப் படம் கீறியது டீச்சர், வெட்டியது நான், விரல் கொப்பளித்ததும் எனக்குத்தான்.

அந்தச் சனிக்கிழமை மண்டபம் நிறைந்த சனம். சீதேவிப்பிள்ளையும் வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. ஒரு பேசினில் வாவித் தண்ணீர், அதற்குள் அன்று காலை பிடித்த மீன் ஒன்று உயிரோடு துள்ளியது.

"இது என்ன மீன் எண்டு உங்கட சீட்டு சொல்லட்டும் பாப்பம், டீச்சர்" என்றார்.

வினோஜன் என்ற மாணவன் சீட்டைச் சத்தமாக வாசித்தான். உடலில் இருப்பது வெள்ளைப் புள்ளியா, கருந்திட்டா? மீனில் கருந்திட்டு. ஒன்பதாம் சீட்டு. அங்கிருந்து பதினாறு. பதினாறிலிருந்து இருபத்திரண்டு. அதைத் திருப்பிப் பார்த்தவன் டீச்சரை நிமிர்ந்து பார்த்தான்.

"வாசிகா, மனே" என்றார் சீதேவிப்பிள்ளை.

"விரால்" என்று வாசித்தான்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. "அடி ஆத்தே! ஓரா விராலா மாறிட்டு!" என்று சீதேவிப்பிள்ளை கையைத் தட்டினார். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது எண்டு சும்மாவா சொன்ன? நான் எட்டாம் வகுப்புப் படிக்கக்குள்ள ஒரு வாத்தியார் பலகையில கெளிறு கீறினார், உடம்பெல்லாம் செதிலோட. கெளிறுக்குச் செதில் இல்ல சேர் எண்டன். கைய நீட்டு எண்டார். பிரம்பு முறிஞ்ச. அண்டையோட நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகல்ல. இப்ப என்ட மகளுக்கும் அதே படிப்பா?"

டீச்சரின் முகத்தில் ஈ ஆடவில்லை. ஏதாவது சாட்டுச் சொல்லிச் சமாளிப்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க சொல்றது சரி" என்றார் டீச்சர், எல்லோருக்கும் கேட்க. "சீட்டுப் பிழை. பிழை என்னில."

சீதேவிப்பிள்ளை இதை எதிர்பார்க்கவில்லை. பேசினுக்குள் இருந்த மீனை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "பிழை எண்டு ஒத்துக்கிட்டது பெரிய காரியம்தான். எண்டாலும் என்ட புள்ள கலை படிக்கட்டும்" என்று படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு தனுஷியா மட்டும் நின்றாள். டீச்சர் பேசினில் கிடந்த ஓராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், படத்துக்கு மீன் வாங்கின எத்தின மணிக்கு?" என்று கேட்டாள்.

"பள்ளிக்கூடம் விட்டுப் போகக்குள்ள. மூணு மணி இரிக்கும்."

"அது ஐஸில கிடந்து நிறம் போன மீன், அதுல வெள்ளப் புள்ளிதான் தெரியும். உசிரோட இரிக்கக்குள்ள ஓரா நிறம் மாறிக்கிட்டே இரிக்கும் டீச்சர். பயந்தா திட்டுத் திட்டாக் கறுக்கும்."

"இத ஏன் புள்ள முதலே சொல்லல்ல?"

தனுஷியா தலை குனிந்தாள். "டீச்சர் சொன்னாச் சரியாத்தான் இரிக்கும் எண்டு நினைச்சம்."

மீனைக் காட்டியதைவிட அந்தப் பதில்தான் டீச்சரைச் சுட்டது. தாய் வாயைத் திறந்து அடி வாங்கினார், மகள் வாயைத் திறக்காமலே இருந்துவிட்டாள். டீச்சர் எழுந்து போய்க் கரும்பலகையில் பெரிதாக எழுதினார்: செத்தாலும் மாறாதது மட்டும் சீட்டில் வரலாம். அதற்குக் கீழே இன்னொன்று: டீச்சரின் பிழையைப் பிடிப்பவருக்கு ஒரு டொபி.

படிவம் கொடுக்கக் கடைசி நாளுக்கு இரண்டு கிழமை இருந்தது. டீச்சரும் அந்தப் பத்துப் பிள்ளைகளும் விடியப்புறம் துறைக்குப் போய்த் தோணியில் வைத்தே மீனைப் பார்த்தார்கள். அதே மீனை மத்தியானம் பார்த்தார்கள். ஐஸில் வைத்து மறுநாளும் பார்த்தார்கள். அந்த ஐஸ் பெட்டி எங்கே இருந்தது என்று கேட்கிறீர்களா? வேறெங்கே, என் ஆய்வுகூடத்தில்! மூன்று தரத்தில் எது மாறியதோ அதைச் சிவப்புப் பேனையால் வெட்டினார்கள். நிறம் போனது. கண்ணின் மினுக்கம் போனது. மிஞ்சியது முள், நீந்தும் செட்டை, செதில், வால். டொபி போத்தல் இரண்டு தரம் காலியானது. முப்பத்தொரு பிழை பிடித்தார்கள், பாவிகள்.

"தல வெட்டின மீன் எண்டா என்ன செய்யிற டீச்சர்?" என்று வினோஜன் ஒரு நாள் பகிடிக்குக் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், டீச்சர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் என்னிடம் இன்னும் பத்தொன்பது மட்டை வெட்டச் சொன்னார். உங்களுக்கு விசர் பிடித்துவிட்டது டீச்சர் என்று சொல்லிக்கொண்டே வெட்டினேன்.

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. ஒன்பது படிவம் அதிபரின் மேசையில். சீதேவிப்பிள்ளை கலைப்பிரிவுக்குக் கையெழுத்துப் போட வந்தார். வந்தவர் நேரே ஆய்வுகூடத்துக்குள் நுழைந்து, கடதாசியில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்தார்.

"ரெண்டு கிழமையா இவள் சோத்துக் கோப்பையில கிடக்கிற மீன்ட முள்ளயும் எண்ணுறாள். புதுச் சீட்டாம். சும்மா போக மனமில்ல, அதான் வந்தன். இது என்னெண்டு சொல்லுங்க பாப்பம்."

பிரித்தால் கருவாடு. தலை இல்லை. நிறம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பலகை போல விறைத்துக் கிடந்தது.

பிள்ளைகள் முன்னால் ஓடிவந்தார்கள். சீதேவிப்பிள்ளை கையை நீட்டி மறித்தார். "நீங்க இல்ல. நீங்கெல்லாம் துறையில பிறந்த ஆக்கள், சீட்டில்லாமலே சொல்லுவீங்க. மீன் தெரியாத ஒரு ஆள் செய்யட்டும். டீச்சர் வாயத் திறக்கக் கூடா."

"மார்கிறட் அன்ரிக்கு மீனே தெரியா!" என்றாள் தனுஷியா. மற்றவர்களும் என்னைக் காட்டினார்கள். துரோகிகள்.

சீட்டுக்கட்டை எடுத்தேன். பத்தொன்பது வருடத்தில் போத்தலும் குழாயும் மட்டும் பிடித்த கை. ஒரு வகுப்பின் தலைவிதி, கருவாட்டைக் கண்டால் மூக்கைப் பொத்துகிற என்னிடம் வந்து நிற்கிறது! டீச்சரைப் பார்த்தேன். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் சீட்டு: மீனின் வாயைப் பார். எங்கே பார்ப்பது? சீதேவிப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீட்டின் கடைசி வரியில் என் கண் போனது. தலை இல்லையா? இருபத்தைந்தாம் சீட்டுக்குப் போ. எனக்குப் போன உயிர் வந்தது.

இருபத்தைந்து: விரலால் தடவு, செதில் தட்டுப்படுகிறதா? தடவினேன். வழுவழுப்பு, இல்லை. முப்பது: வயிற்றுச் செட்டையில் முள் உண்டா? செட்டை காய்ந்து உடம்போடு ஒட்டிக் கிடந்தது. இழுத்தால் முறிந்துவிடும். ஆனால் காய்ந்த மாதிரியைப் பதமாக நனைத்து விரிப்பது யாருடைய தொழில்? என்னுடைய தொழில்! வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து வைத்தேன். ஐந்து நிமிடம் ஊற விட்டேன். இடுக்கியால் மெல்ல விரித்தேன். முள் இருந்தது. முப்பத்தாறு: முள் ஒரு கரையிலா, இரு கரையிலுமா?

"கவனம்கா, செத்தாலும் குத்தும்" என்றார் சீதேவிப்பிள்ளை, தன்னை மறந்து.

விரலால் ஒரு கரையைத் தொட்டேன், குத்தியது. மறு கரையைத் தொட்டேன். சுருக்கென்று அங்கேயும் குத்தியது. நாற்பத்தொன்றாம் சீட்டைத் திருப்பினேன்.

"ஓரா!" என்று கத்தினேன். ஆய்வுகூடத்தில் சத்தம் போடாதே என்று பத்தொன்பது வருடம் பிள்ளைகளை ஏசியவள் நான்தான்.

பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். அதிபர் ஓடிவந்தார். சீதேவிப்பிள்ளை சிரிக்கவில்லை. சீட்டுக்கட்டைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளி எதையோ தேடினார். ஒரு சீட்டில் நின்றார். எழுத்துக் கூட்டி, மெதுவாக, வாய்விட்டு வாசித்தார்.

"கெளிறு. செதில் இல்லை."

இன்னொரு தரம் வாசித்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "இத எழுத உங்களுக்கு இவ்வளவு காலமா?" என்றார் வதனி டீச்சரிடம். டீச்சருக்கும் கண் நிறைந்துவிட்டது. சீதேவிப்பிள்ளை கையை நீட்டினார். "பேனையத் தாங்க. அந்தக் கலைப் படிவத்தக் கிழிச்சுப் போடுங்க."

பத்து. வகுப்பு மூடவில்லை. தனுஷியா இன்றைக்கு உயிரியல் வகுப்பில் முதல் வரிசை வாங்கில் இருக்கிறாள், டீச்சரின் பிழையைப் பிடித்தால் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. சீட்டுக்கட்டைப் பிரதி எடுத்துப் போக வேறு பள்ளிக்கூடங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஐஸ் பெட்டி இன்னும் என் ஆய்வுகூடத்தில்தான் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சுளித்து, கைலேஞ்சியால் பொத்திக்கொண்டாள். சவர்க்காரம் போட்டு ஐந்து தரம் கழுவியும் என் கையில் வாடை போகவில்லை.

"என்ன மணம் இது?" என்றாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஓராக் கருவாடு" என்றேன். "நானே கண்டுபிடிச்ச."