பிரேக்கில் காற்றெடுத்த ஞாயிறு

பிரேக் ஆயில் கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் விரல்களில் ஒரு வாடை நிற்கும். அந்த வாடை வந்தாலே திருவெறும்பூர் குவார்ட்டர்ஸ் வாசலும், எங்கள் பழைய வெள்ளைக் காரும், அதன் இரு முனைகளில் ஒருவரோடொருவர் பேசாமலிருந்த அப்பாவும் அம்மாவும் என் நினைவுக்கு வந்துவிடுகிறார்கள்.

அன்று ஞாயிறு; மறுநாள் ஸ்ரீரங்கத்தில் மாமா வீட்டுக் கிரகப்பிரவேசம். "ஊருக்குப் போற நேரத்துலயா வண்டியைப் பிரிப்பாங்க? மெக்கானிக்கிட்ட விட்டா என்ன?" என்று அம்மா கேட்டது, நாளெல்லாம் ஃபாக்டரி மெஷின்களோடு மல்லுக்கட்டும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அவர் பிரேக்கில் தேய்ந்த ரப்பரை மாற்றி முடித்தபோது ஆயில் குழாய்க்குள் காற்றுப் புகுந்து, பெடல் "மெத்துமெத்து" என்று தரைவரை போனது. "நான் பஸ்ல போயிக்கிறேன்" என்று அம்மா சொன்னதோடு வீட்டில் பேச்சு நின்றது. எனக்கோ மூவரும் ஒன்றாகக் காவிரிப் பாலம் தாண்ட வேண்டும்.

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் சக்கரத்தடியில் காற்று வெளியேறும் சின்ன நிப்பிளைத் திறந்து மூடுவார். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். என் கால் எட்டாததால் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நடுவில் தூது நான்.

"பாப்பா, அம்மாவை மிதிக்கச் சொல்லு."

"மிதிக்கணுமாம், அம்மா."

அப்பா நிப்பிளைத் திறந்தார். "அப்படியே பிடிச்சிருக்கச் சொல்லு" என்றதை நான் சேர்ப்பிப்பதற்குள், பெடல் காலடியில் திடீரென்று இறங்கியதில் பயந்துபோன அம்மா காலை எடுத்துவிட, வெளியே வந்த குமிழிகளெல்லாம் திரும்பி உள்ளே ஓடிவிட்டன.

"லதா, நான் சொல்றவரைக்கும் காலை எடுக்காதே!" என்று காருக்கடியிலிருந்து அப்பா கத்தினார்.

"அதை முதல்லயே என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

அப்புறம் எனக்கு வேலையில்லை.

"மிதி."

"மிதிச்சிட்டேங்க."

"பிடிச்சுக்கோ... ம், விடு."

"விட்டுட்டேன்."

மூன்றாவது சக்கரத்துக்கு வந்தபோது "காபி போடட்டுமா?" என்ற கேள்வியும் ஊடே வந்தது. நான்காவதில் பெடல் கல்லாக நின்றது. மறுநாள் பாலத்தில் முன்னால் போன பஸ் சட்டென்று நிற்க, எங்கள் காரும் நின்றது. "நல்லாத்தான் பிடிக்குது" என்றாள் அம்மா, ஜன்னலைப் பார்த்தபடி.

அந்தக் கார் போய்விட்டது. என் காருக்கு சர்வீஸ் சென்டரில் ஒரே ஆள், ஒரு மெஷினை வைத்து, யாரையும் கூப்பிடாமல் காற்றை எடுத்துவிடுகிறான். ஸ்ரீரங்கத்தில் குடியேறிவிட்ட அப்பாவும் அம்மாவும் மட்டும் சண்டையை விடவில்லை. போன வாரம் அப்பா போனில், "அம்மாகிட்ட சொல்லு பாப்பா..." என்று ஆரம்பித்தார்.

"காத்து உள்ள போயிடும்ப்பா. நீங்களே சொல்லிடுங்க."

போனைத் தள்ளிவைத்துவிட்டு அவர் கூப்பிடுவது கேட்டது: "லதா!"