நின்று நின்று நடந்தவர்கள்

பிறர் நடக்க, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் போவதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவ நிலையம். சர்க்கரை நோயும் காலில் ரத்த ஓட்டக் குறைவும் உள்ளவர்களுக்கு அங்கே நீண்ட நடைவழியில் நடைப் பயிற்சி. கொஞ்சம் நடந்ததும் கெண்டைக்காலை யாரோ முறுக்கிப் பிழிவது போன்ற அந்த வலியை உங்களில் பலரும் அறிவீர்கள்.

அரிசியும் அடுப்பும்

காதர் பாய், சோற்றின் மேல் பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் கடை வைத்திருப்பவர். "நடந்தா உயிர் போவுது, உக்காந்தா ஒண்ணுமில்ல. இது என்ன வலி?" என்று பயிற்சி தரும் மலர் மிஸ்ஸிடம் கேட்டார். மிஸ் பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் சர்க்கரை நிறைய இருந்தாலும், இந்த நோயில் அது தசைக்குள் சரியாகப் போவதில்லை. ரத்தக் குழாய் குறுகிவிட்டதால், அதை எரிக்க வேண்டிய பிராணவாயுவும் போதுமான அளவு வருவதில்லை. கையிருப்பு தீர்ந்ததும் தசை வலிக்கிறது. நின்றால் மெல்ல மெல்ல மறுபடி தெம்பு சேர்கிறது. வலிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடந்தால், வருகிற கொஞ்சத்தை வைத்தே சமாளிக்கத் தசை பழகிக்கொள்ளும். ஆகவே நிற்பதும் மருந்துதான்.

பாய் அதைத் தன் கடைக் கணக்குக்கு மாற்றிக்கொண்டார். "கடை நெறைய அரிசி, அடுப்புல காஸ் இல்ல. அதானே மிஸ்?"

அவசரத் தொலைபேசி

சூசை அண்ணன் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் ரெஜினாவின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாதா கோயில் வாசலிலிருந்து பீடம்வரை அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. அந்த ஒரு நடைக்காகத்தான் பயிற்சிக்கு வந்தார். ஆனால் வலி வந்தால் நாற்காலியில் உட்கார மாட்டார். கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்து, "ஹலோ, ஆமா, சொல்லுங்க" என்று பேசியபடி நின்றுவிடுவார்.

ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது காதோரத்திலேயே கைப்பேசி மணி அடித்தது. திரையில் ரெஜினாவின் படம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாய் விடவில்லை: "அண்ணே, அந்த ஆள கொஞ்சம் ஹோல்ட் பண்ணச் சொல்லுங்கலா, மக கூப்புடுது."

சேலைக்கடை

அந்த வாரமே ரெஜினா என்னைத் தேடி வந்தாள். அப்பாவால் கோயிலின் முழு நீளமும் நடக்க முடியுமா என்று கேட்டாள். பாதியில் நின்றுவிடுவார் என்றேன். சக்கர நாற்காலி வைக்கலாமா என்று வீட்டில் கேட்டாளாம். அன்று இரவு அவர் சாப்பிடவில்லையாம். "பாதியில நின்னா, எல்லாரும் பாக்கறாங்களேன்னு உடைஞ்சி போயிருவாரு அங்கிள்" என்று கண்ணைத் துடைத்தாள்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. என் மனைவியைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கும் இதே கால்தான். சந்தைக்குப் போகும் வழியில் ஒவ்வொரு சேலைக்கடை முன்னும் நிற்பாள். எதற்கு நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். நானும் கூடவே நின்று சேலை பார்ப்பேன். அவள் கண்மூடிய பிறகும் அந்தக் கடைகளைத் தாண்டும்போது என் நடை தானாக நிற்கிறது.

ரெஜினா எழுந்து போகும்போது கேட்டாள்: "ஆன்ட்டி ஒரு சேலையாவது வாங்குனாங்களா அங்கிள்?"

கோயிலில்

கல்யாணத்துக்கு நானும் பாயும் போனோம். இசை தொடங்கியது. சூசை அண்ணன் கோட்டு போட்டு நிமிர்ந்து வந்தார். பாதி தூரத்தில் அவர் முகம் மாறியது. வலது காலை இழுத்தார். கை கோட்டுப் பையைத் தடவியது. நாற்காலி இல்லாத என் கைகளும் தவித்தன.

ரெஜினா நின்றாள். "அப்பா, நில்லுங்க. கவுன் செருப்புல மாட்டிக்கிச்சு." குனிந்தாள். எங்கள் வரிசைக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள்; எதுவும் மாட்டியிருக்கவில்லை. உதவிக்கு ஓடிவந்த தோழியைக் கையால் தடுத்தாள். மெதுவாக, மடிப்பு மடிப்பாக நீவிக்கொண்டே இருந்தாள். வாசித்தவர் அதே இசையை மறுபடி தொடங்கினார். அண்ணனின் தோள் இறங்கி, முகம் தெளிந்த பிறகே நிமிர்ந்தாள். இருவரும் பீடம்வரை போய்ச் சேர்ந்தார்கள்.

விருந்தில் அண்ணன் என் தோளைத் தட்டினார். "பாத்தியா தம்பி? நான் நிக்கவே இல்ல. அவதான் நின்னா!"

நோயுள்ள காலுக்கு மறுபடி தெம்பு சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை கூட நடப்பவரின் செருப்பில் ஏதாவது மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.