தகரக் கூரைகள் நகர்ந்த கணக்கு

தனுஷிகா பனிமலையை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் ஹட்டனில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்துகொண்டு இமயமலை உச்சிகளைக் கணினித் திரையில் அலசுவதுதான் அவள் பிழைப்பு. அந்த உச்சிகளில் கல்லும் பனிக்கட்டியும் கலந்து உறைந்த மேடுகள் உண்டு. பார்த்தால் அசையாது. பல வருடச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டால், நத்தையே கேலி செய்யும் வேகத்தில் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். அவற்றின் எல்லையைக் கோடு போட்டு ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவேண்டும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்த பெண்ணுக்கு இப்படியும் ஒரு வேலையா என்று கேட்காதவர் இல்லை. அவளுக்குச் சிரிப்புத்தான் வரும்.

அந்தச் சிரிப்பு ஒரு ஜூன் மாத மத்தியானம் நின்றுபோனது. சும்மா இருக்க மாட்டாமல், அதே கணக்கை வட்டவளைப் பக்கம் தான் பிறந்த தோட்டத்தின்மீது போட்டுப் பார்த்தாள். ஐந்தாம் நம்பர் மலை முழுக்கச் சிவப்பு. சிவப்பு என்றால் நிலம் நகர்கிறது. அதன் அடிவாரத்து லயத்தில்தான் அம்மா ராசம்மா இருக்கிறாள். போனை எடுத்தாள்.

“அம்மா, அஞ்சாம் நம்பர் மலையில என்னா நடக்குது?”

“என்னா நடக்கும்? போன மாசம் கவ்வாத்து வெட்டுனாங்க. மலையே மொட்டையா கெடக்கு.”

போன உயிர் திரும்பி வந்தது. தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டினால் மலையின் தோற்றமே மாறிவிடும். செயற்கைக்கோள் அதை நகர்வு என்று எடுத்துக்கொள்ளும். தோட்டத்துக்காரி நானே ஏமாந்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். செடியை நம்பக்கூடாது, வளராத, வெட்டாத பொருளைத்தான் பார்க்கவேண்டும். அங்கே அப்படி இருப்பவை தகரக் கூரைகள்தாம்.

கூரைகளை மட்டும் பிரித்தெடுத்தாள். கோயில் கூரை அசையவில்லை. மேட்டு லயமும் அசையவில்லை. அம்மாவின் லயம் மட்டும் வருடத்துக்கு மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. இந்த வருடம், பாதி வருடத்திலேயே ஏழு. மறுபடியும் அம்மாவை அழைத்தாள்.

“அம்மா, சுவத்துல வெடிப்பு இருக்கா?”

“தீவாளிக்குச் சுண்ணாம்பு அடிக்கயில எல்லாத்தையும் சிமெந்து வச்சு அடைச்சிருவோம்ல.”

வெடித்த சுவரோடு பண்டிகை கொண்டாடினால் லயத்தில் மானம் போய்விடும். தனுஷிகாவும் சின்ன வயதில் சிமெந்தை விரலால் பூசியவள்தான்.

“அதுக்கப்புறம் வெடிக்கலயா?”

“திருவிழாவுக்கு ஒருக்கா அடைச்சோம். போன வாரம் ஒருக்கா. இப்ப சிமெந்து பத்தல புள்ள, பழைய சேலையத் திணிச்சு வச்சிருக்கேன்.”

“எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேல கோயிலுக்குப் போம்மா. இப்பவே!”

“மழை ஊத்துது. விடட்டும்.”

“மழைனாலதாம்மா சொல்றேன்!”

மகள் இப்படி அலறி ராசம்மா கேட்டதில்லை. லயத்தில் அவசரமென்றால் யாரும் வெளியே ஓடமாட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவரைத் தட்டினாலே அடுத்த வீடு எழுந்து வரும். போனில் அந்தச் சத்தம் கேட்டது. தொம், தொம், தொம்.

“சுவத்தத் தட்டாதம்மா!” என்று கத்தினாள் தனுஷிகா. “கதவத் தட்டும்மா, கதவத் தட்டு!”