பத்துக்கு இரண்டு

எழுபதுகளில் மயிலாப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்குத் தாள் நிரப்பும் வேலை. தீராத வலிக்காரர்களுக்கு அங்கே ஒரு டாக்டர் கோபத்தை அடக்கும் பயிற்சி கொடுத்தார். வலி எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று வாரா வாரம் கேட்டு, பத்துக்கு இத்தனை என்று நான் எழுத வேண்டும்.

திருவல்லிக்கேணியிலிருந்து இஸ்திரி போடும் அம்மாள் ஒருவர் இடுப்பு வலியோடு வருவார். முழங்கை வரை பெட்டி சுட்ட தழும்புகள். நாற்காலி கொடுத்தாலும் உட்காராமல் சுவரில் கையூன்றி நிற்பார். எண்ணைச் சொல்லும் முன், கூட வரும் கணவர் முகத்தைப் பார்த்துக்கொள்வார்.

மூன்று மாதத்தில் கோபம் ஒன்பதிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. வலி எட்டிலேயே நின்றது.

"இப்பல்லாம் வூட்ல சத்தமே இல்ல சார்," என்றார் கணவர். டாக்டர் மகிழ்ந்துபோய் அந்த இரண்டைச் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

கணவர் மருந்து வாங்கப் போனதும் அந்த அம்மாள் என்னிடம் சொன்னார்: "முன்னெல்லாம் நான் கத்துவேன் நைனா. அதுக்குப் பயந்துக்கினு ரெண்டு நாளு அவரே பம்புல தண்ணி அடிச்சு எடுத்தாருவாரு. இப்ப நான் கத்தறதில்ல. கொடம் என் இடுப்புலதான் கீது."

"அப்போ கோபத்தை மாத்தி எழுதட்டுமாம்மா?"

"வாணாம். ரெண்டுதான். அது நெசம்."

தாளின் கடைசிக் கட்டத்தில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி டாக்டரின் கையெழுத்துக்கு அனுப்பினேன். வீட்டுக்குப் போய் நன்றாகக் கத்துங்கள் என்று அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கலாம். அதற்காக எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.