முயல் கூண்டுக்குள் முக்கால் மணி நேரம்

போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்தது. சொந்தக்காரர்கள் யாரிடமும் இதுவரை மூச்சு விட்டதில்லை. சொன்னால் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் என்னை வைத்தே சிரிப்பார்கள்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் வளைகுடாவில் சென்ட்ரிங் வேலை பார்த்தவன். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகையால் அச்சுப் பெட்டி கட்டுவார்களே, அந்த வேலை. நான் ஊரோடு வந்து சேர்ந்தபோது என் மகள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் போனில் பார்த்தே வளர்ந்த பிள்ளை. நேரில் என்னிடம் என்ன பேசுவதென்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அப்போதுதான் தோழி வீட்டிலிருந்து மூன்று முயல்குட்டிகள் வாங்கி வந்தாள். தீவனம் என்ன, தண்ணீர் எப்படி வைப்பது என்று அவற்றைச் சாக்கிட்டு நாங்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தோம்.

அதையும் நானே கெடுத்தேன். கோழியைக் கவிழ்த்து வைக்கிற பஞ்சாரக் கூடைதான் முயல்களுக்கு வீடு. சாயங்காலம் கவிழ்த்துவிட்டு மேலே ஒரு கல்லைத் தூக்கி வைப்பது என் பொறுப்பு. ஒரு நாள் மறந்துவிட்டேன். தெருப்பூனை ஒன்று கூடையைச் சாய்த்து, ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. மகள் என்னோடு சண்டை போடவில்லை. பேசுவதையே நிறுத்திவிட்டாள். வெளிநாட்டில் இருந்தபோதாவது வாரம் ஒரு தடவை பேசினாள்.

மீதி இரண்டுக்கும் யானை முட்டினாலும் அசையாத கூண்டு கட்டித் தருகிறேன் என்று அவள் காதில் விழும்படி சவால் விட்டேன். சொன்னபடியே கட்டினேன். சவுக்குக் கட்டையில் ஆறு கால்கள், ஒவ்வொன்றும் மண்ணுக்குள் இரண்டடி. மூன்று பக்கமும் தடித்த பலகைச் சுவர். முன்பக்கம் கீரியின் கால்கூட நுழையாத கம்பி வலை. மழைக்குத் தகரக் கூரை, வெயிலுக்குத் தகரத்தின் மேல் கீற்று. ஆறடி நீளம், மூன்றடி உயரம். என் மனைவி வந்து பார்த்துவிட்டு, இது முயலுக்கா இல்லை வாடகைக்கு விடுவதற்கா என்று கேட்டாள். கதவில் நான் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்திருந்த வாசல் பூட்டைப் பொருத்தியதும் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், சாவி இல்லாமல் உள்ளிருந்தும் திறக்க முடியாத பூட்டு அது. சாவி தொலைந்துவிடக் கூடாதென்று அவளுடைய சாவிக்கொத்திலேயே கோத்து வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியும் மகளும் நன்னிலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். சாவிக்கொத்தும் அவர்களோடு போனது. கூண்டுக் கதவு திறந்தே கிடந்ததால் நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. அவர்கள் திரும்புவதற்குள் முயல்களைக் குடியேற்றி மகளை அசத்திவிட வேண்டும் என்பது என் திட்டம். கடைசியாக ஒரு வேலைதான் பாக்கி. உள்ளே எங்காவது ஆணி முனை துருத்திக்கொண்டிருந்தால் முயலைக் கிழித்துவிடுமே என்று, தவழ்ந்து உள்ளே போய்ப் பலகை பலகையாகத் தடவிப் பார்த்தேன். வெளியே நல்ல ஆடிக்காற்று. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. டக்கென்று பூட்டும் விழுந்தது.

உதைத்துப் பார்த்தேன். கூண்டு முனகக்கூட இல்லை. அந்த நிலைமையிலும் என் வேலையை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. போன் வீட்டுக்குள் சார்ஜில் கிடந்தது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் அதே கல்யாணத்துக்குத்தான் போயிருந்தார்கள். சரி, சாயங்காலம் வரை படுத்துக் கிடப்போம் என்று வலை வழியாக வெளியே பார்த்தேன். எதிரே பஞ்சாரம் கவிழ்ந்திருந்தது. உள்ளே இரண்டு முயல்கள். மேலே கல் இல்லை. காலையில் தீவனம் போட்டுக் கவிழ்த்தபோது மறுபடியும் மறந்திருக்கிறேன். மதில் மேல் அதே பூனை.

சூ என்று கத்தினேன். பூனை திரும்பி என்னைப் பார்த்தது. நான் இருக்கிற இடத்தையும் பார்த்தது. பிறகு நிதானமாகக் கையை நக்கிவிட்டுக் கீழே இறங்கியது. தொண்டை கட்டும்வரை கத்தினேன், பலகையைத் தட்டினேன். அது பஞ்சாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முன்னங்காலால் மெதுவாக நெம்பிப் பார்த்தது. பிறகு உட்கார்ந்துகொண்டது. பிறகு மறுபடி நெம்பியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த இரண்டும் போய்விட்டால் என் மகள் ஜென்மத்துக்கும் என்னோடு பேச மாட்டாள்.

அப்போது சந்தில் மொபெட் சத்தம். கடற்கரைப் பக்கத்திலிருந்து மீன் கொண்டு வருகிற ஒரு அம்மா. அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என் கத்தலைக் கேட்டு, மீன் வாங்கத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பாத்திரத்தோடு கொல்லைப் பக்கம் வந்துவிட்டார். வாசனை பட்டதுமே பூனை பஞ்சாரத்தை விட்டுவிட்டு அவர் காலடிக்கு ஓடியது. அவர் கூண்டுக்குள் குனிந்து பார்த்தார். முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

“மத்தி இருக்கு, கிழங்கான் இருக்கு. எது வேணும் பாய்?”

முதலில் அந்தப் பஞ்சாரத்தின் மேல் கல்லைத் தூக்கி வையுங்கள் என்றேன். ஏன் எதற்கென்று கேட்காமல் வைத்தார். பூனைக்கு ஒரு மத்தியைப் போட்டார். சாவி எங்கே என்று கேட்டார். நன்னிலத்தில் என்றேன். கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“ஏன் பாய், ஆணியெல்லாம் தலை வெளிய நிக்குது. முழுசா அடிக்க மறந்துட்டீங்களா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சென்ட்ரிங் வேலையில் ஆணியை முழுதாக இறக்கவே மாட்டோம். கான்கிரீட் இறுகியதும் பலகையைப் பிரிக்க வேண்டுமே, அதற்காகத் தலையைக் கொஞ்சம் வெளியே விட்டுவைப்போம். இருபது வருஷக் கைப்பழக்கம் முயல் கூண்டிலும் அப்படியே வேலை செய்திருக்கிறது. யானைக்கு அசையாத கூண்டு, சுத்தியல் வைத்திருப்பவர் யார் வந்தாலும் கழன்றுவிடும்.

தரையில் கிடந்த ஆணி பிடுங்குகிற சுத்தியலை எடுத்து அவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மேலே உள்ளதை முதலில் எடுங்கள், பலகையைத் தாங்கிப் பிடியுங்கள் என்று நான் உள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். “கூண்டுக்குள்ள உக்காந்துகிட்டு மேஸ்திரி வேலை பாக்காதீங்க பாய்,” என்றார். இரண்டு பலகைகள் விலகியதும், கைலியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக வெளியே வந்தேன். நன்றி சொல்லத் தெரியாமல் இரண்டு வகை மீனையும் வீட்டில் தின்று தீராத அளவு வாங்கினேன்.

சாயங்காலம் எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஆனால் சுவரில் இரண்டு பலகைகள் இல்லை, வீட்டில் அத்தனை மீன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கல்லை மறந்தது உட்பட. மனைவி கூண்டுக் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகள் முகம் இறுகிப்போய் நின்றாள். அவ்வளவுதான், தொலைந்தது என்று நினைத்தேன்.

“மறுபடியும் கல்லை மறந்துட்டீங்களா அத்தா?”

ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவளாலும் அடக்க முடியவில்லை. முயலை வெளியே விட்டுவிட்டு நீங்கள் போய் உள்ளே உட்கார்ந்துகொண்டீர்களா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அத்தா என்று அவள் கூப்பிட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் மீனைக் கழுவுகிற சாக்கில் முகத்தையும் கழுவிக்கொண்டேன்.

மறுநாள் அவளே என்னிடமிருந்து சுத்தியலை வாங்கி, கழன்ற பலகைகளைப் பொருத்தி, எல்லா ஆணிகளையும் முழுதாக அடித்து இறக்கினாள். கடைசிப் பலகையில் இரண்டை மட்டும் அப்படியே விடச் சொன்னேன். இரண்டையும் விட்டுவிட்டு அவள் சுத்தியலைப் பக்கத்திலேயே ஒரு கம்பியில் தொங்கவிட்டாள்.

நான் வாழ்க்கையில் கட்டி, முழுதாகப் பிரிக்காமல் விட்ட ஒரே பெட்டி அந்தக் கூண்டுதான். எத்தனை கெட்டியாகக் கட்டுகிறவனும் ஒரு நாள் தானே உள்ளே மாட்டிக்கொள்வான், அன்றைக்கு வெளியிலிருந்து ஒருவர் கை வைக்க ஒரு இடம் வேண்டும் என்று, தலை நீட்டி நிற்கும் அந்த இரண்டு ஆணிகளையும் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.